ஒரே பொட்டலத்துக் குண்டுகள்

வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓர் எஃகுக் குண்டை வைத்து உருட்டிக்கொண்டே மச்சான் கண்ணை மூடிவிடுவார். அந்த நேரத்தில் கடையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. காற்றடிக்க வந்தவர் பம்பைப் பிடித்தபடி அப்படியே நிற்க வேண்டியதுதான். எதிர்க்கடை ரேடியோவைக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்பிய நாள்கூட உண்டு. குண்டு விரல்களுக்கு நடுவே ஒரு சுற்று வரும், இன்னொரு சுற்று வரும். பிறகுதான் கண் திறக்கும். "இது ஆகாது" என்று சொல்லிவிட்டால் ஆகாதுதான். புதுசாச்சே, இப்பத்தானே பொட்டலத்தைப் பிரிச்சீங்க என்று யாராவது வாயைக் கொடுத்தால், "புதுசா இருந்தா? பொறக்கும்போதே கோணலாப் பொறக்கறவன் இல்லியா?" என்று கேட்டுவிட்டு, கேட்டவரையே மேலும் கீழுமாகப் பார்ப்பார்.

சைக்கிள் கடை. ஒரு சைக்கிளும் ஒரு ஆளும் உள்ளே போனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வெளியே வந்தாக வேண்டும், அவ்வளவு தாராளம். உத்தரத்தில் டயர்கள் தொங்கும், சுவரில் செயின்கள் தொங்கும், குனியாமல் நடந்தால் பிரேக் கம்பி காதைப் பிடித்து இழுக்கும். முன்னால் கல்லாவில் அத்தான். பின்னால் ஜன்னலோரம் சக்கரம் மாட்டும் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு முக்காலியில் மச்சான். அத்தான் என்பது மச்சானின் அக்கா புருஷர். "மச்சான், இந்த வண்டிய என்னன்னு பாரு" என்று அவர் நாள் முழுக்கக் கத்திக் கத்தி, தெருவுக்கே அந்த ஆள் மச்சானாகிவிட்டார். வங்கியில் வேலை பார்க்கும் அம்மா "மச்சான் சார்" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு "மச்சான் மாமா". ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் "யோவ் மச்சான்" என்று அதட்டலாகக் கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்ட பிறகு முறையை யோசித்து அசடு வழிந்தார்.

மச்சானுக்குச் சைக்கிளில் பாக்கி எதுவும் பெரிய விஷயமில்லை. பஞ்சரா, பிரேக்கா, அத்தானே பார்த்துக்கொள்வார். மச்சான் பார்ப்பது சக்கரத்தின் நடு வயிற்றை. அங்கே ஹப் என்று ஒரு குழாய் இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு கப், கப்புக்குள் வட்டமாகக் குண்டுகள், அவற்றை மேலே அமுக்கிப் பிடிக்கக் கூம்பு வடிவில் ஒரு கோன். குண்டுகள் ஒவ்வொன்றும் பட்டாணி அளவுதான். நீங்கள், உங்கள் மூட்டை, கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் உங்கள் மாமியார் எல்லாரும் போவது அந்தப் பட்டாணிகளின் மேல்தான். "மேல பெயின்ட் அடிச்சுப் பளபளன்னு வெச்சுக்கறாங்க. அடியில ஒழைக்கிறவன எவனும் தெறந்து பாக்கறதில்ல" என்பது மச்சானின் நிரந்தர வருத்தம்.

குண்டு மாற்றுவதில் அவருக்குச் சில சட்டங்கள். முதலாவது, மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், எல்லாம் ஒரே பொட்டலத்துக் குண்டுகளாக இருக்க வேண்டும். பொட்டலத்துக்குப் பொட்டலம் ஒரு மயிரிழை வித்தியாசம் வரும் என்பார். கூட்டத்தில் ஒன்று மட்டும் மயிரிழை பெரிதாக இருந்தால் மொத்தப் பாரமும் அதன் தலையில் இறங்கும், மற்றவை சும்மா சுற்றி வரும், கடைசியில் கப் உடையும். தேய்ந்த இரண்டை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும் என்று கெஞ்சுகிறவர்களிடம், "ஒண்ணு ரெண்டு மட்டும் மாத்த இது என்ன பல்லா?" என்பார்.

இரண்டாவது, கப்பை முழுசாக அடைக்கக் கூடாது. இடம் கொள்கிற மட்டும் குண்டுகளை அடுக்கிவிட்டு, பிறகு ஒன்றை எடுத்துவிடுவார். "நெருக்கியடிச்சு உக்காந்தா யாராலயும் திரும்ப முடியாதுங்க. எங்க வீட்டையே எடுத்துக்குங்களேன்" என்று ஆரம்பித்தால் கல்லாவிலிருந்து அத்தான் இருமுவார். அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பெண்கள், கூடத்தின் மூலையில் மடக்குக் கட்டிலில் மச்சான். காலையில் ஒரே குளியலறைக்கு முன்னால் நடக்கும் போர்களை அவர் வர்ணித்தால் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் வண்டி தயாரான பிறகும் போகமாட்டார்கள்.

எல்லாம் பூட்டி முடித்ததும் பரீட்சை. அச்சின் நுனியைத் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுவார். உள்ளே மண் ஒரு துளி இருந்தாலும் பல்லுக்குத் தெரிந்துவிடுமாம். அதன் பிறகு சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி, காற்றடிக்கும் வால்வைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார். வால்வு இருக்கும் பக்கம்தான் கொஞ்சம் கனம். அது கீழே இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறி, திரும்பி வந்து, தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் சிறுத்துச் சிறுத்து வால்வு அடியில் வந்து நிற்கும்போது மச்சான் குரலைத் தாழ்த்தி, "தூங்கிடுச்சு" என்பார். ஆடாமல் டக்கென்று நின்றுவிட்டால் மறுபடியும் பிரித்துவிடுவார். வண்டிக்காரர் எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் அவருக்கென்ன.

அவர் இந்த முக்காலிக்கு வந்த கதையைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடியதும் ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. எப்போது கிளம்புகிறாய் என்று அத்தான் கேட்கவே இல்லை. மறுநாள் காலையில் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, "சும்மா உக்காந்திருந்தா மனசு கண்டதையும் நெனைக்கும். வா மச்சான், ஒரு சக்கரத்தப் பிரிப்போம்" என்று கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஸ்பேனர் இன்றைக்கும் மச்சானிடம்தான் இருக்கிறது. பிடி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. "அத்தான் மட்டும் இல்லேன்னா நான் எங்க கெடந்திருப்பேனோ" என்று ஊரெல்லாம் சொல்லுவார். அத்தானிடம் மட்டும் சொன்னதில்லை. அத்தானிடம் அவர் பேசுவதெல்லாம், "இதெல்லாம் ஒரு கிரீஸா அத்தான்? எங்க புடிச்சீங்க இந்தக் கண்றாவிய?" என்ற அளவில்தான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன.

முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு படுத்தால் தூக்கம் வராமல் கையை உதறினார், ஈரம் சொட்டுகிற கையை உதறுவது போல. காலையில் சட்டைப் பொத்தான் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காரணம் என்ன என்று அவர் யாரையும் கேட்கவில்லை, ஏனென்றால் தெரியும் என்று நினைத்துக்கொண்டார். அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. கால் விரல் மரத்தது, பிறகு அந்த விரலே போயிற்று, பிறகு அடுத்தது. வந்துவிட்டது நமக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்கக்கூடத் துணிச்சல் இல்லை, பார்த்துவிட்டால் அது நிஜமாகிவிடுமே. குண்டு பார்க்கத் தெரியாத மச்சானுக்கு அந்தக் கடையில் என்ன வேலை, அந்தக் கூடத்தில் மடக்குக் கட்டில் எதற்கு என்பதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்த கவலை. வேளா வேளைக்குச் சாப்பிடும் ஒரு வாய், அவ்வளவுதானே மிஞ்சும்?

ஆகவே மறைத்தார். வழக்கம்போலக் கண்ணை மூடுவார், வழக்கம்போலக் கடை அடங்கும், குண்டு உருளும். சேதி மட்டும் வராது. கொஞ்சம் கூடுதலாகவே கண்ணை மூடியிருந்துவிட்டு, "இது ஆகும்" என்பார். பம்பைப் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு நிற்பவரைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

அப்படி ஒரு நாளில்தான் நர்சம்மாவின் பின்சக்கரம் வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், பிள்ளை பெற்று வந்தவர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்சு. கேரியரில் ஒரு கனத்த பை, தலையில் தொப்பி, மிதித்துக்கொண்டே தெருவில் பாதிப் பேரிடம் மாத்திரை சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பு. அத்தானின் இரண்டாவது பெண் பிறந்து அக்கா காய்ச்சலில் கிடந்தபோது மழையில் நனைந்துகொண்டு வந்து பார்த்தவர். அவருடைய வண்டி என்றால் மச்சானுக்குத் தனி அக்கறை. அன்றைக்கு அவர் வாசலில் அவசரமாக நின்றுகொண்டிருந்தார். குண்டுகளை அடுக்கும்போது ஒன்று மரத்த விரலிலிருந்து நழுவிக் கீழே உருண்டு, டயர் குவியலுக்குள் எங்கோ போய்விட்டது. பொட்டலம் காலி. தள்ளுவண்டிக்காரர் ஒருவருக்காக வாங்கி மிஞ்சிய குண்டுகள் ஒரு டப்பாவில் கிடந்தன. அதிலிருந்து ஒன்றை எடுத்து, மற்றதோடு சேர்த்து உருட்டிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான் என்றது விரல். அன்றைக்கு அந்த விரல் எதைக் கேட்டாலும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கும். பூட்டிக் கொடுத்துவிட்டார்.

சில வாரம் கழித்து நர்சம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்சக்கரம் சுற்றவே மறுத்துக் கரகரவென்று அலறியது. அவருடைய முழங்கையில் தோல் உரிந்திருந்தது, புடவையில் மண். இறக்கத்தில் வரும்போது சக்கரம் பிடித்துக்கொண்டு ஆளைக் கீழே தள்ளிவிட்டதாம்.

"என்னம்மா ஆச்சு?" என்று மச்சான் எழுந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே, லேசா சிராய்ப்பு. எங்கயோ பள்ளத்துல விட்டுட்டேன் போல. உங்க கை பட்ட சக்கரம் தானாப் போகுமா? நான்தான் தாறுமாறா ஓட்டியிருக்கேன்" என்றார் நர்சம்மா.

மச்சான் சக்கரத்தைக் கழற்றிக் கோனைத் திறந்தார். கப்பில் விரிசல். கறுத்த கிரீஸுக்குள் குண்டுகள் எல்லாம் சோம்பலாக மங்கிக் கிடக்க, ஒன்று மட்டும் நசுங்கித் தேய்ந்து, ஒரு பக்கம் தட்டையாகி மின்னியது. எது அது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பழியைத்தான் அந்த அம்மாவே தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டாரே! ஆமாம்மா, பள்ளத்துல பாத்து ஓட்டுங்க என்று ஒரு வார்த்தை சொல்லி, புதுக் கப் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. அத்தானுக்கும் தெரியாது. ஆனால் உரிந்த முழங்கையோடு நின்றுகொண்டு அந்த அம்மா சிரிக்கிறார். மச்சான் அந்தத் தட்டைக் குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"நீங்க பள்ளத்துல எதுலயும் விடலம்மா. நான்தான்" என்றார். "வேற டப்பாக் குண்டப் போட்டுட்டேன். கைக்குத் தெரியல. கொஞ்ச நாளாவே எனக்கு விரல்ல எதுவும் தெரியல."

கல்லாவில் சில்லறைச் சத்தம் நின்றது. மச்சான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நர்சம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ பையைத் திறந்து கொஞ்சம் பஞ்சை எடுத்தார். "உக்காருங்கண்ணே. கைய இப்படி நீட்டுங்க. கண்ண மூடுங்க."

மச்சான் கண்ணை மூடினார். கடை அடங்கிவிட்டது. காற்றடிக்க வந்தவர் பழக்கதோஷத்தில் பம்பைப் பிடித்தபடி நின்றார்.

"இப்ப தொடுறேன். எந்த விரல்?"

"தொடுறீங்களா?"

"இது?"

"ஒண்ணும் தெரியலம்மா."

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் எல்லாம் இதே கதைதான். சுண்டுவிரலில் பஞ்சு பட்டதும் மச்சான் துள்ளினார். "ஆங்! கூசுது!" நர்சம்மா விடவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். கால் விரல்கள் ஒவ்வொன்றிலும் பஞ்சால் வருடினார். நெளிந்தும் சிரித்தும் முக்காலியிலிருந்து விழப் பார்த்தார் மச்சான். கடைசியாக அவருடைய மணிக்கட்டின் உள்பக்கத்தை விரல் நுனியால் லேசாகத் தட்டினார். கட்டைவிரல் வரைக்கும் சுரீர் என்று ஓடியது.

"படுத்தா கைய ஒதறுறீங்களா?"

"யாரும்மா சொன்னா உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? துணி தொவைக்கிறவங்க, மாவு பெசையறவங்க, தைக்கிறவங்க, எத்தன பேரப் பாத்திருக்கேன்! ஸ்பேனரப் புடிச்சு முறுக்கி முறுக்கி மணிக்கட்டுல நரம்பு அமுங்கியிருக்கும்ணே. சக்கரையா இருந்தா பெரும்பாலும் மொதல்ல கால்லதான் காட்டும். உங்க கால் என்னடான்னா கூசிச் சாகுது. எதுக்கும் ரத்தத்தையும் பாத்துடலாம். டாக்டரு பாத்துச் சொல்லட்டும். எனக்கென்னமோ இது சரியாகிற சமாச்சாரம்னுதான் தோணுது."

சரியாகும் என்ற வார்த்தையை மச்சான் மனசுக்குள் திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்போதுதான் அத்தான் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏன் மச்சான், இத்தன நாளா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா... குண்டு பாக்க முடியாதவன வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க அத்தான்?"

"குண்டு பாக்கறதுக்காகவா உன்ன வீட்ல வெச்சிருக்கேன்? ஏன்டா, கூலிக்காரனா நீ? கை வரலேன்னா போன்னு சொல்லிருவேனா?" அத்தான் இருமினார். சமாளித்துக்கொண்டு, "அப்படியே சொன்னாலும், உன்ன அனுப்பறதுக்கு முன்னாடி உங்க அக்கா என்னையில்ல வெளிய அனுப்புவா! எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று ஷட்டரைப் பாதி இழுத்தார். காற்றடிக்க வந்தவர் காற்றடிக்காமலே போனார். நர்சம்மா அத்தானுடைய சொந்த சைக்கிளை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டுத்தான் தன் வேலைக்குப் போனார்.

நர்சம்மா சொன்னபடியே ஆயிற்று. சர்க்கரை இல்லை. மணிக்கட்டில் நரம்புதான். கைக்கு ஒரு பட்டை மாட்டிவிட்டு, சில மாதம் எதையும் முறுக்கக் கூடாது, ஸ்பேனரைத் தொடவே கூடாது, அப்படியும் கேட்காவிட்டால் சின்னதாக ஓர் அறுவை சிகிச்சை, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மச்சான் டாக்டரைக் கும்பிட்டார், பட்டை மாட்டியவரைக் கும்பிட்டார், வாசலில் வழி விட்ட காவலாளியையும் கும்பிட்டார். வீட்டில் அக்கா திட்டிய திட்டு அடுத்த தெரு வரைக்கும் கேட்டது. திட்டி முடித்துவிட்டு, தம்பியின் தட்டில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாளே மச்சான் முக்காலிக்கு வந்துவிட்டார். நர்சம்மாவின் சக்கரத்தை வேறு யாரும் தொடக் கூடாதாம். புதுக் கப் வந்திருந்தது. புதுப் பொட்டலம் ஒன்றைப் பல்லால் கிழித்துப் பிரித்தார். இடது உள்ளங்கையில் ஒவ்வொரு குண்டாக வைத்து, வலது சுண்டுவிரலால் அதை உருட்டிக்கொண்டே கண்ணை மூடினார். முதல் குண்டிலேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது. சேதி வந்துவிட்டது. "இருக்குடா, இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்ததை எடுத்தார். மற்ற விரல்களை மடக்கிச் சுண்டுவிரலை மட்டும் நீட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைக் கல்லாவிலிருந்து பார்த்த அத்தான், "என்ன மச்சான், ஒண்ணுக்குப் போகணுமா? போய்ட்டு வா" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. கண்ணைத் திறக்காமலே மச்சானும் சிரித்தார்.

சாயங்காலம் நர்சம்மா வந்தபோது சக்கரம் ஸ்டாண்டில் ஆடிக்கொண்டிருந்தது. வால்வு இந்தப் பக்கம் ஏறி, அந்தப் பக்கம் ஏறி, ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தூங்கிடுச்சு" என்றார் மச்சான். "அம்மா, நீங்க அன்னிக்கு மட்டும் என்னத் திட்டிட்டுப் போயிருந்தா, நான் இன்னும் கண்ண மூடிக்கிட்டு நடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்."

"அதெல்லாம் இருக்கட்டும், பட்டைய ராத்திரியும் மாட்டிக்கிட்டுத்தான் படுக்கறீங்களா?" என்று கேட்டார் நர்சம்மா.

அக்கா பக்கத்தில் நின்று மாட்டிவிடுகிறாள் என்று சொல்லிவிட்டு, மச்சான் சக்கரத்தை வண்டியில் பொருத்தினார். இரண்டு பக்கமும் நட்டை விரலால் சுழற்றிக் கொண்டுபோய் நிறுத்தினார். இனி இறுக்க வேண்டியதுதான் பாக்கி. கை தன்னையறியாமல் அந்த வழவழத்த பழைய ஸ்பேனருக்குப் போயிற்று. எடுத்தார். பட்டை மாட்டிய மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு கல்லாப் பக்கம் திரும்பி, "அத்தான், கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டார்.

அத்தான் வந்து குனிந்தார். மச்சான் அந்த ஸ்பேனரை அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். மடக்கிய பிறகும் தன் கையை எடுக்கவில்லை.